விசுவாசமும் அனுஷ்டானமும்: கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு பழைய வினா

கிறிஸ்தவ விசுவாசம் என்பது மனத்தால் ஒப்புக்கொள்ளும் சில சத்தியங்களா, இரட்சகர்மேல் வைக்கும் பற்றுறுதியா, அன்றி விடியலில் எழுந்தது முதல் இரவில் படுக்கும்வரை ஒருவன் ஒழுகும் முறையா என்னும் வினா திருச்சபையைப் போலவே வயது முதிர்ந்தது. நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்லாமல் விசுவாசத்தால் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அப்போஸ்தலர் வாதித்ததும், கிரியை இல்லாத விசுவாசத்தை உயிரற்றதென யாக்கோபின் நிருபம் ஒதுக்கியதும் ஒரே புதிய ஏற்பாட்டின் ஏடுகளில் இடம்பெற்றிருப்பதால், பிற்காலத்தார் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தமக்கு ஆதாரமான வசனத்துக்குக் குறைவின்றி இருந்து வந்திருக்கிறது. ஐரோப்பாவில் இவ்வினா பெரும்பாலும் ஆத்தும மீட்சியைப் பற்றிய சித்தாந்த விவாதமாக நடந்தது. தமிழகத்திலோ, பெரம்பலூர், அரியலூர் போன்ற உள்நாட்டுச் சீமைகளில் விசேஷமாக, அது வேறொரு வடிவம் கொண்டது. புது வேதத்தில் சேர்ந்த ஒருவன் தன் பழைய வாழ்க்கையில் எதை விட்டொழிக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம், எது சமயம், எது வெறும் உலக வழக்கம் என்று கோடு கிழிக்கும் பிரச்சினையாகவே அது இங்கே நானூறு ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒப்புதலாகிய விசுவாசம்

கத்தோலிக்க மரபின் பழைய விடை தெளிவானது. சித்தத்தால் ஏவப்பட்டுப் புத்தி தெய்வ சத்தியத்துக்கு இசைவதே விசுவாசம் என்றும், அன்பினால் உருப்பெற்றாலன்றி அது பூரணமாகாது என்றும் 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் வகுத்தார். 1547-இல் திரிதெந்து சங்கம் அதையே ஒட்டி, விசுவாசம் நீதியின் தொடக்கமும் வேரும் ஆயினும் நம்பிக்கையும் அன்பும் கூடாமல் அது மட்டுமே மீட்புக்குப் போதாது என்று நிலைநாட்டியது. இந்த விடையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், 1606-இல் மதுரைக்கு வந்து தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம் முதலிய அவருடைய உரைநடை நூல்கள் தர்க்கத்தின் வழியே நடப்பவை. கடவுள் ஒருவரே என்பதைப் புத்தியால் தெளிந்தவன் வேதத்துக்குள் நுழைகிறான் என்பது அவற்றின் அடிப்படை.

இதில் உள்ள குறை வெளிப்படையானது. தர்க்கத்தைத் தொடரக் கல்வியும் ஓய்வும் வேண்டும். மானாவாரிக் கரிசலில் வரகும் பருத்தியும் விதைத்து மழைக்கு வானத்தைப் பார்த்திருந்த குடியானவனுக்கு ஆத்தும நிருணயத்தைப் படிக்க நேரமுமில்லை, பெரும்பாலும் எழுத்துமில்லை. அவனுக்குக் கிடைத்தது பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகிய இவற்றின் மனப்பாடமே. இவற்றை ஒப்பிப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றாகுமா என்று ஐயுற இடமுண்டு. ஆனால் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை இவற்றை மாலைதோறும் விளக்கேற்றி ஓதியபின் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் வெளியார் நினைப்பதைவிடக் குறைந்துவிடுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஏலாக்குறிச்சியில் ஒரு விடை

அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடக்கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சி, இவ்வினாவின் வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. இத்தாலியில் காஸ்தில்யோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்து, 1710-ஐ ஒட்டி இந்தியா வந்து சேர்ந்த கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், தம் பணிக்காலத்தின் செழிப்பான பகுதியை இங்கே கழித்தார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்து, திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அரியலூர்ப் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயரின் இராஜப்பிளவையை முனிவர் குணப்படுத்தியதால் கோயிலுக்கு நிலம் மானியமாகக் கிடைத்தது என்பது ஊர் மரபு. அந்த மரபை எந்த அளவுக்கு ஏற்பதென்பது ஒருபுறமிருக்க, ஒரு சிற்றரசின் அனுசரணையின்றி அக்காலத்தில் ஓர் அந்நியத் துறவி இப்படிக் கோயிலூர் ஒன்றை நிலைப்படுத்தியிருக்க முடியாது என்பது உறுதி.

முனிவரின் சதுரகராதியையும் தொன்னூல் விளக்கத்தையும் பற்றிப் பேசுவோர் பலர். நமது வினாவுக்கு அவற்றினும் முக்கியமானது 1727-இல் அவர் எழுதிய வேதியர் ஒழுக்கம். குருப்பட்டம் பெறாமல் ஊர்தோறும் வேதம் போதித்த உபதேசியாருக்காக எழுதப்பட்ட உரைநடை நூல் அது. மதுரை மிஷனில் ஒரு குருவின் பொறுப்பில் பல பத்துக் கிராமங்கள் கிடந்தன. அவர் ஓர் ஊருக்கு வந்து போனால் மறுபடியும் வர மாதங்கள் ஆகும். இடைக்காலத்தில் குழந்தைக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பவர், சாகக் கிடப்பவன் தலைமாட்டில் செபம் சொல்பவர், பாவசங்கீர்த்தனத்துக்கு ஊராரை ஆயத்தப்படுத்துபவர், சண்டையிட்ட பங்காளிகளைச் சேர்த்து வைப்பவர் எல்லாம் உபதேசியாரே. ஆகவே விசுவாசம் அன்றாடம் எப்படி நடைபெறும் என்ற கேள்விக்கு நடைமுறை விடை அவருடைய நடத்தையைப் பொறுத்திருந்தது. போதிப்பவனின் ஒழுக்கம் போதனைக்கு முந்தியது என்பதையே ஒரு முழு நூலாக விரித்த இம்முயற்சி, ஒப்புதல் என்ற விடையை மறுக்காமலே அதன் எடையை அனுஷ்டானத்தின் பக்கம் நகர்த்திவிட்டது.

முனிவர் பாடிய தேம்பாவணியின் நாயகத் தேர்வையும் இத்தோடு சேர்த்துப் பார்ப்பது பொருந்தும். மூன்று காண்டங்களில், முப்பத்தாறு படலங்களில், 3,615 பாடல்களாக அமைந்த அந்தக் காவியத்தின் தலைவன் அரசனல்லன், போர்வீரனல்லன், துறவியுமல்லன். வளன் என்று அவர் பெயரிட்ட சூசை, ஒரு தச்சன். உளியும் வாய்ச்சியும் பிடித்து மனைவியையும் மகவையும் காத்தவனுடைய இல்லறத்தைப் பெருங்காப்பியத்துக்கு உரிய பொருளாகக் கொண்டதில், கிறிஸ்தவ வாழ்வின் மாதிரி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிய முனிவரின் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. தேம்பாவணியைக் கம்பனோடு ஒப்பிட்டு அணிநலம் எண்ணுவதிலேயே திறனாய்வாளர் பலர் காலம் போக்கிவிட்டமையால் இந்தத் தீர்ப்பு உரிய கவனம் பெறவில்லை. வளனின் இல்லறம் கன்னிமை குன்றாத இல்லறம் ஆதலால், பிள்ளை குட்டிகளோடும் கடன் பத்திரத்தோடும் வாழும் சம்சாரிக்கு அது முழு மாதிரி ஆகாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. எனினும் தொழிலையும் குடும்பத்தையும் பக்தியின் இடமாகக் கொண்ட விதத்தில் இதற்கு நிகரான தமிழ்க் கிறிஸ்தவ நூல் வேறொன்று எளிதில் தென்படவில்லை.

கோடு கிழித்த விவாதம்

முனிவர் ஏலாக்குறிச்சியில் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மதுரை மிஷனின் தலைக்குமேல் மலபார் சடங்கு வழக்கு எனப்படும் ஒரு பெரும் வழக்கு நடந்து கொண்டிருந்தது. பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை குலத்துக்கும் சபை மரியாதைக்கும் உரிய லௌகிக அடையாளங்கள். அவற்றில் சமய தோஷமில்லை என்பது நொபிலியின் வாதம். பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் 1623-இல் அதை நிபந்தனைகளோடு அனுமதித்தார். ஆனால் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-இல் ஒரு கட்டளை பிறப்பித்து, பழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தார். ஞானஸ்நானத்தில் உமிழ்நீரும் ஊதுதலும் விடப்படலாகாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி ஆகாது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்து விலக்கலாகாது. கிறிஸ்தவ வாத்தியக்காரர் பிறர் கோயில்களில் வாசிக்கலாகாது என்பன அவற்றுள் சில.

அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் ஏனையவற்றினின்றும் தரத்தால் வேறுபட்டது. பறையர் குலத்து நோயாளி சாகுந்தறுவாயில் இருந்தால் குருவானவர் அவன் குடிசைக்குள் சென்று தேவதிரவிய அனுமானங்களை வழங்கவேண்டும் என்று கட்டளை விதித்தது. அதுவரை நோயாளியை வேறோரிடத்துக்குத் தூக்கிவரச் செய்வதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது; சேரிக்குள் காலடி வைத்த குருவை உயர்சாதியார் தம் வீட்டுக்குள் ஏற்கமாட்டார் என்பது மிஷனரிகளின் அச்சம். அவர்களைக் கல்நெஞ்சர் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் அதை விசுவாசக் குறைவாகக் கருதவில்லை, ஊர் வழக்கத்துக்கு இணங்கிய விவேகமாகவே கருதினார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. நாற்பது ஆண்டு மேல்முறையீடுகளுக்குப்பின் 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்தபோது, தாழ்ந்தோர் எனப்பட்டோருக்கென்று தனியே குருக்களை நியமிக்கும் ஏற்பாட்டுக்கு இடங்கொடுத்தார். நோயாளிக்குக் குரு கிடைத்தார். இரு வீடுகளுக்கும் ஒரே குரு என்ற நிலை மட்டும் கிடைக்கவில்லை.

பற்றுறுதியாகிய விசுவாசம்

தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய சீகன்பால்குவும் அவரைப் பின்தொடர்ந்த லுத்தரன் போதகர்களும் கொணர்ந்த விடை வேறு. விசுவாசம் கருத்துக்கு இசைதல் அன்று, பாவி தன் தகுதியை முற்றும் கைவிட்டுக் கிறிஸ்துவைப் பற்றிக்கொள்ளுதல். நற்செயல் அதன் கனியே அன்றி விலை அன்று. இந்தப் பற்று வேதப் புத்தகத்தை நேரே வாசிப்பதால் உண்டாகும் என்றதால், புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி 1715-இல் நிறைவெய்தியது. பள்ளிக்கூடம் ஆலயத்தின் இணைபிரியாத் துணையாயிற்று. வீரமாமுனிவர் இவர்களை எதிர்த்து 1728-இல் வேத விளக்கம் எழுதினார். இரு தரப்பும் ஒருவரையொருவர் தூஷித்த வேகத்தில், தத்தம் கட்சியின் நுட்பத்தைக்கூட எதிரிக்கு விளங்க வைக்கத் தவறினர் என்றே சொல்லவேண்டும். அக்கண்டன நூல்களில் இன்று எஞ்சுவது தமிழ் உரைநடையின் வளர்ச்சிக்கு அவை செய்த உபகாரம்.

சித்தாந்த அளவில் இந்தப் பூசல் பெரும்பாலும் தணிந்துவிட்டது. 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சங்கமும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, நீதிமானாக்கப்படுதல் பற்றிய மூல உண்மைகளில் இருவருக்கும் ஒருமைப்பாடு உண்டென்று அறிவித்தது. தமிழகத்தில் அச்செய்தி ஆலயப் பீடங்களைத் தாண்டிச் சென்றதாகத் தெரியவில்லை.

இந்த விடைக்கும் தன் சோதனை இங்கே காத்திருந்தது. கிருபையால் மட்டுமே மீட்பு என்றால் சாதி வரிசைக்கு ஆதாரமே இருக்கக்கூடாது. ஆயினும் தஞ்சை, திருச்சிச் சபைகளில் தனித்தனி ஆசனமும் நற்கருணைக் கிண்ணத்தில் முன்பின் வரிசையும் நீடித்தன. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சாதியை உடனே, அறவே விட்டொழிக்கும்படி சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சைச் சபையார் பலர் பிரிந்து போயினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதியாசாரங்களை லௌகிக ஏற்பாடென்றே கொண்டு வாதாடினார். நொபிலி கிழித்த கோட்டை அவருடைய எதிர்க்கட்சியாரே இப்படிக் கையில் எடுத்துக் கொண்டதைச் சரித்திரத்தின் குறும்புகளுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

பக்தி மார்க்கமாகிய விசுவாசம்

இருபதாம் நூற்றாண்டில் மூன்றாவது விடை ஒன்று உருவாயிற்று. பாளையங்கோட்டையில் பிறந்து, பிற்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, ஆழ்வார் நாயன்மார் பாடல்களில் தோய்ந்தவர். யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். விசுவாசம் இங்கே அன்பின் அனுபவமாகிறது. ஒப்புதலும் பற்றுறுதியும் அதன் படிகளாகின்றன. அதே போக்கில் திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமமும், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் மோன்ஷனேன் அடிகளும் லெ சோ அடிகளும் தொடங்கிய சாந்திவனமும் தோன்றின. காவிரிக்கரையில் காவி உடுத்திய பிரஞ்சுத் துறவிகள் உபநிடதமும் சங்கீதமும் சேர்த்து ஓதியது பலருக்குத் திகைப்பாகவும் சிலருக்கு மலபார் சடங்கு வழக்கின் மறுபிறப்பாகவும் தோன்றியிருக்கும்.

இந்த விடையின் அழகை மறுக்க முடியாது. ஆனால் இது பெரிதும் கற்றோருக்கும் துறவியருக்கும் உரியதாகவே நின்றுவிட்டது. ஆண்டிமடம், வரதராசன்பேட்டைப் பக்கத்து முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கி மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்குப் பக்தி வேறு வடிவில் ஏற்கனவே இருந்தது: செபமாலை, தவக்கால ஒருசந்தி, வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், பெரிய வாரத்துப் பாஸ்கா நாடகம், அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்தி. ஏலாக்குறிச்சித் தேருக்குக் கிறிஸ்தவரல்லாதாரும் நேர்ச்சையோடு வருகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையை விசுவாசத்துள் சேர்ப்பதா என்ற கேள்விக்கு அப்பாசாமியின் நூலைவிட அந்தத் தேரோட்டம் அதிக சிக்கலான உதாரணத்தைக் காட்டுகிறது.

நியாயமாகிய விசுவாசம்

நான்காவது விடை, முந்தைய மூன்றும் லௌகிகமென்று ஒதுக்கிவைத்ததையே நடுவில் வைத்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் 1872-இல் இரு சாதியார்க்கு இரு கூடங்களாகக் கட்டப்பட்டு, நடுச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. பெரம்பலூருக்கு வடகிழக்கே, உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த ஏறையூரில் 2008 மார்ச்சில் ஒரே மதத்தாருக்குள் மூண்ட சாதிக் கலவரம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழக்கும் அளவுக்குச் சென்றது. இத்தகைய அனுபவத்தினின்றே 1980-களில் தலித் இறையியல் பிறந்தது. அர்விந்த் நிர்மல் அதன் முன்னோடி, மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி அதன் உலைக்களங்களுள் ஒன்று. 1992-இல் வெளிவந்த பாமாவின் கருக்கு, மடத்துக்குள்ளும் பங்குக்குள்ளும் விசுவாசம் எப்படி நடைபெறாமல் போகிறது என்பதை எந்த இறையியல் நூலினும் கூர்மையாகக் காட்டிற்று. அயலானின் குடிசைக்குள் நுழையாத விசுவாசம், விசுவாசத்தின் குறைபாடு மட்டுமன்று, அதன் மறுப்பே என்பது இவர்கள் வாதம்.

இதன்மேல் சொல்லப்படும் ஆட்சேபங்கள் இரண்டு. அருளையும் செபத்தையும் சமூகப் போராட்டத்துள் கரைத்துவிடுகிறது என்பது ஒன்று. ஒடுக்கப்பட்டோரையும் ஒரே சாதியாகப் பாவித்து அவர்களுக்குள் உள்ள உட்பிரிவை மறைக்கிறது என்பது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் கல்லூரி நூல்களை மட்டும் படித்தவரின் ஆட்சேபம். சேரிக் கோயில்களில் செபமாலைப் பக்தி குறைந்ததாக யாரும் காட்டவில்லை. இரண்டாவதில் உண்மை உண்டு.

இவற்றோடு, நோய் தீர்தலும் பேய் நீங்கலும் கடன் அடைதலும் விசுவாசத்தின் அத்தாட்சி எனக் கொள்ளும் பெந்தெகொஸ்தே மரபையும் குறிப்பிட வேண்டும். அன்றாட வாழ்க்கையோடு விசுவாசத்தை இத்தனை நெருக்கமாகப் பிணைத்த விடை வேறில்லை. உபவாச ஜெபமும் சாட்சி சொல்லுதலும் குரு இல்லாத வீட்டையும் சபையாக்கின. ஆசீர்வாதம் வராதபோது குற்றம் நோயாளியின் அவிசுவாசத்தின் மேலேயே விழுகிறது என்பது அதன் கொடிய பலவீனம்.

எஞ்சியிருப்பது

இவ்விடைகளை ஒருங்கே நோக்குமிடத்து, ஒவ்வொன்றும் ஒருவகை மனிதனை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டதெனத் தோன்றுகிறது. நொபிலிக்குக் கற்ற பிராமணன், லுத்தரன் போதகருக்குப் புத்தகம் வாசிப்பவன், சாந்திவனத்துக்குத் துறவி, தலித் இறையியலுக்கு அவமதிக்கப்பட்ட சமுதாயம். பெரம்பலூரில் வெங்காயப் பட்டறை போட்டு விலையேற்றத்துக்குக் காத்திருப்பவனையோ, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டுபவனையோ நேரே நோக்கி எழுந்த விடை, வேதியர் ஒழுக்கத்துக்கும் தேம்பாவணிக்கும் பிறகு அதிகமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் பங்குகளில் அமைக்கப்பட்ட அன்பியங்கள், பழைய உபதேசியாரின் இடத்தை வீடுகளின் கூட்டத்துக்கு மாற்ற முயன்றன; ஒரு தெருவாரே ஓர் அன்பியமாகும்போது தெருவோடு சாதியும் உள்ளே வந்துவிடுகிறதா என்பது ஊருக்கு ஊர் ஆராயப்பட வேண்டியது.

சமயத்துக்கும் லௌகிகத்துக்கும் இடையே கோடு எங்கே என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. பொட்டு, தாலி, குத்துவிளக்கு ஆகியவற்றில் நொபிலியின் பக்கமே பெரும்பாலும் வென்றுவிட்டது; அவற்றைப் பற்றி இன்று பெந்தெகொஸ்தே சபையாரைத் தவிர வழக்கிடுவார் குறைவு. சாதியில் அவர் கோடு நிலைக்குமென்று பகிரங்கமாக வாதிப்பார் இப்போது எவருமில்லை, நடைமுறையில் அதைக் காப்பார் பலருண்டு. இதற்கிடையே அரசாங்கம் ஒரு விசித்திர நிலையை மேற்கொண்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி முதலில் இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதியை வழங்கிப் பின்னர் 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது, கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆகவே விசுவாசம் சாதியை அழித்துவிட்டது என்று ஆணை கருத, அழிக்கவில்லை என்று சபைகளே மன்றாடி நீதிமன்றத்தில் நிற்கின்றன. முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட ஆணையம் ஆராய ஏற்றுக்கொண்ட பொருளும் இதையொட்டியதே. மதம் மாறியவனின் சமூக நிலை மாறிற்றா என்பதை ஆணையம் அளவிடக்கூடும். அது மாறாதிருந்தால் அவன் ஏற்ற விசுவாசத்தைக் குறைகூறுவதா, அவனை ஏற்ற சபையாரின் விசுவாசத்தைக் குறைகூறுவதா என்ற கேள்வி ஆணையத்தின் அதிகாரத்துக்குப் புறம்பானது, இறையியலாரும் அதை இன்னும் முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை.